கயிற்றில் இருக்கும் எட்டு மதிப்பெண்

போலீஸ் வேலைக்குப் படிக்கும் பையன்களிடம் "பிசிக்கலுக்கு என்ன பண்றே?" என்று கேளுங்கள். "தினமும் காலையில ஓடுறேன் சார்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஓடுவது நல்லதுதான். ஆனால் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் அந்த 1500 மீட்டர் ஓட்டத்துக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. ஏழு நிமிடத்துக்குள் முடித்தால் உள்ளே, தாண்டினால் வெளியே. ஐந்து நிமிடத்தில் பறந்து முடித்தவரும் ஆறு நிமிடம் ஐம்பத்தைந்து விநாடியில் தள்ளாடி வந்தவரும் அந்தக் கோட்டைத் தாண்டியதும் சமம். மதிப்பெண் முழுக்க அடுத்த கட்டத்தில் இருக்கிறது: கயிறு ஏறுதல், தாண்டுதல், குறுகிய தூர ஓட்டம். அந்த மூன்றுக்கும் உடம்பைத் தயார் செய்யாமல் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருபவர்களுக்காகத்தான் இந்த அத்தியாயம்.

கணக்கைப் பாருங்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இப்போது வைக்கும் முறையில் முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 70, உடற்திறன் போட்டிக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. உடற்திறனில் மூன்று நிகழ்வுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் என இரண்டு படிகள். இரண்டு ஸ்டார் வாங்கினால் நிகழ்வுக்கு எட்டு. எழுத்துத் தேர்வில் எட்டு மதிப்பெண் கூடுதலாக எடுக்க எத்தனை மாதம் பொது அறிவுப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது என்று யோசியுங்கள். கட்-ஆஃப் பக்கத்தில் ஒரே மதிப்பெண்ணில் கூட்டமாக நிற்கும்போது, ஆறு மீட்டர் கயிற்றின் கடைசி முக்கால் மீட்டர்தான் வேலையைத் தீர்மானிக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுத்துத் தேர்வு முடிவு வந்து அழைப்புக் கடிதம் கையில் கிடைத்தபிறகு தொடங்கினால் நேரம் போதாது. ஓட்டத்தையாவது சில வாரங்களில் ஓரளவு சரிசெய்துவிடலாம். கைப்பிடி அப்படி வராது. ஆகவே எழுத்துத் தேர்வுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்தே கயிற்றைத் தொட்டுவிடுங்கள்.

இங்கே சொல்லும் அளவுகள் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் பொதுத் தேர்வுக்கானவை. விதிகளை வாரியம் அவ்வப்போது மாற்றும். உங்கள் ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை வரி வரியாகப் படித்துவிடுங்கள். நண்பன் சொன்னான், மாஸ்டர் சொன்னார் என்று போகாதீர்கள்.

அளவு நாடா

ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ.; ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 167. பெண்களுக்கு 159, அதே பிரிவுகளுக்கு 157. ஆண்களுக்கு மார்பளவு சாதாரணமாக 81 செ.மீ., மூச்சை இழுத்து விரிக்கும்போது குறைந்தது 5 செ.மீ. கூட வேண்டும்.

உயரத்தைப் பயிற்சியால் கூட்ட முடியாது. வளரும் வயது முடிந்து எலும்பு முனைகள் மூடியபிறகு கம்பியில் தொங்கினாலும் சரி, லேகியம் தின்றாலும் சரி, ஒன்றும் நடக்காது. "ஆறு வாரத்தில் மூன்று அங்குலம்" என்று விற்கும் பொடிக்குக் கொடுக்கும் காசில் முட்டை வாங்கிச் சாப்பிடலாம். ஆனால் இருக்கும் உயரத்தைத் தொலைக்காமல் பார்த்துக்கொள்ள முடியும். முதுகெலும்புக்கு இடையில் இருக்கும் தட்டுகள் நாள் முழுக்க உடல் எடையைத் தாங்கி அமுங்குகின்றன; காலையில் எழுந்தவுடன் இருக்கும் உயரம் மாலைக்குள் ஒரு செ.மீ. அளவுக்குக் குறையும். 170-ஐ ஒட்டி நிற்கும் பையன் இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்தபடி வந்து, நேராக மைதானத்துக்குப் போய் நின்றால் அவனுக்கே நஷ்டம். எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் முந்தின நாளே ஊருக்கு வந்து, படுத்துத் தூங்கி எழுந்து போங்கள். வரிசையில் காத்திருக்கும்போது முதுகில் பை வேண்டாம்.

நிற்கும் விதமும் முக்கியம். குதிகால், பின்பக்கம், தோள்பட்டை மூன்றும் கம்பத்தை ஒட்டியிருக்கட்டும். உயரமாகத் தெரியவேண்டும் என்று சிலர் மோவாயை மேலே தூக்குவார்கள். அப்படித் தூக்கினால் உச்சந்தலை பின்னால் சரிந்து, உயரம் குறைந்துதான் பதிவாகும். பார்வை நேர் எதிரே இருக்கட்டும். கழுத்தின் பின்பக்கத்தை நீட்டுங்கள்.

மார்பளவில் பையன்கள் செய்யும் தவறு வேறு. நாடாவைச் சுற்றியவுடன் பயத்தில் நெஞ்சை நிமிர்த்திக் கொஞ்சம் மூச்சை இழுத்து வைத்துக்கொள்வார்கள். சாதாரண அளவு 84 என்று பதிவாகும். பிறகு முழு மூச்சை இழுத்தாலும் 88-ஐத் தாண்டாது. விரிவு நான்குதான், தகுதி போயிற்று. உங்கள் சாதாரண அளவு 81-க்கு மேல் வசதியாக இருந்தால், முதல் அளவில் மூச்சை இயல்பாக வெளியே விட்டுத் தளர்வாக நில்லுங்கள். 81-ஐ ஒட்டி இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை. தண்டால், பார் டிப்ஸ், கயிறு இந்த மூன்றையும் மாதக்கணக்கில் செய்தால் தசை ஏறும். வீட்டில் தையல்கார நாடாவை வைத்துக்கொண்டு, விலா எலும்புகள் பக்கவாட்டில் விரியும்படி மூச்சிழுக்கப் பழகுங்கள். வயிற்றை உப்பவைத்தால் நாடாவுக்குத் தெரியாது.

ஏழு நிமிடம்

1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடுவதென்றால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 112 விநாடி. சைக்கிளில் போகும் ஆள் உங்களைப் பார்த்துச் சிரிக்கும் வேகம்தான். பிறகு ஏன் இத்தனை பேர் தோற்கிறார்கள்? விசில் அடித்தவுடன் கூட்டத்தோடு சேர்ந்து முதல் 300 மீட்டரை நூறு மீட்டர் பந்தயம் மாதிரி ஓடுகிறார்கள். இரண்டாவது சுற்றில் தொடை கனத்து, மூன்றாவது சுற்றில் நடக்கிறார்கள். பயிற்சியே இல்லாதவனைவிட அரைகுறைப் பயிற்சியோடு ஆவேசமாகத் தொடங்குபவன்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறான்.

குறி ஏழு நிமிடமாக இருக்கக்கூடாது, ஆறரை நிமிடமாக இருக்கட்டும். மண் தளம், வெயில், கூட்டம், முந்தின இரவின் தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து அரை நிமிடத்தைத் தின்றுவிடும். ஆறரைக்கான கணக்கு இது: முதல் 300 மீட்டர் 78 விநாடியில், பிறகு ஒவ்வொரு 400-க்கும் 104 விநாடி. அதாவது முடிவுக்கோட்டை முதல் தடவை கடக்கும்போது 1:18, அடுத்து 3:02, அடுத்து 4:46, முடிவில் 6:30. இந்த நான்கு எண்களையும் மனப்பாடம் செய்யுங்கள். 200 மீட்டர் வட்டமென்றால் ஏழரைச் சுற்று, சுற்றுக்கு 52 விநாடி. பயிற்சியில் கடிகாரம் பார்த்து ஓடி ஓடி அந்த வேகம் காலுக்குப் பழகிவிடவேண்டும், ஏனென்றால் தேர்வு நாளில் கடிகாரத்தை நம்ப முடியாது, அனுமதிப்பார்களோ மாட்டார்களோ.

வளைவில் வெளிப்பக்கமாக ஓடாதீர்கள். முறையான தடத்தில் ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். ஒரே ஒரு லேன் தள்ளி ஓடினாலும் ஒரு வளைவுக்கு நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல் தூரம் போகிறீர்கள். 1500 மீட்டரில் ஏழு வளைவுகள். மொத்தம் 27 மீட்டர், ஏழு நிமிட வேகத்தில் ஏழெட்டு விநாடி. 7:05-ல் வந்து அழுதவர்களில் சிலர் உண்மையில் 1500-ஐ ஏழு நிமிடத்துக்குள்தான் ஓடியிருப்பார்கள். அவர்கள் ஓடியது 1527. முந்த வேண்டுமென்றால் நேர்ப்பாதையில் முந்துங்கள்.

பயிற்சியில் முதல் நான்கு வாரம் வேகம் பற்றி நினைக்கவே வேண்டாம். பக்கத்தில் ஓடுபவனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் இருபது நிமிடம், பிறகு அரை மணி நேரம். ஐந்தாவது வாரத்திலிருந்து வாரத்துக்கு ஒருநாள் 300 மீட்டரை 78 விநாடியில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடியும் ஓடுங்கள். இப்படி ஐந்து தடவை. அது சுலபமானதும் 500 மீட்டர் 2:10-ல், மூன்று தடவை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழு 1500 ஓடி நேரம் பார்த்தால் போதும். தினமும் நேரம் பார்ப்பவர்கள் தேர்வு வருவதற்குள் சோர்ந்துவிடுகிறார்கள்.

ரோப்

ஐந்து மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார். ஆறு மீட்டர் ஏறினால் இரண்டு. ஆண்களுக்கான மூன்று நிகழ்வுகளில் இதற்கு மட்டும் மாற்று கிடையாது. தாண்டுதலில் நீளமா உயரமா, ஓட்டத்தில் நூறா நானூறா என்று தேர்ந்தெடுக்கலாம். கயிறு வராது என்றால் தப்பிக்க வழியில்லை.

கயிறு ஏறுவது கையின் வேலை என்று நினைப்பதுதான் முதல் கோளாறு. ஜிம்மில் பைசெப்ஸ் ஏற்றி வந்த பையன் முதல் மூன்று மீட்டரை வெறும் கையால் விறுவிறுவென ஏறுவான். நான்காவது மீட்டரில் முன்கை கல்லாக இறுகி விரல் தானாகத் திறக்கும். ஒல்லியான இன்னொருவன் காலால் கயிற்றைப் பூட்டி, எழுந்து நின்று, கையை மாற்றி, மறுபடி பூட்டி, நிதானமாக மேலே போய்ச் சேருவான். தென் மாவட்டங்களில் பனையேறும் குடும்பத்துப் பிள்ளைகள் இதில் சுலபமாகத் தேறுவார்கள் என்று நினைப்போம். அவர்களுக்குப் பிடி உண்டு, உயரத்தைக் கண்டு பயம் இல்லை. அது பெரிய சொத்து. ஆனால் மரம் நிற்கும், கயிறு ஆடும். கட்டிப்பிடிக்க ஒன்றும் இல்லாததால் பூட்டை அவர்களும் புதிதாகத்தான் கற்கவேண்டும்.

பூட்டு இப்படி. கயிற்றைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்துத் தொங்குங்கள். கயிறு உங்கள் வலது தொடைக்கு வெளிப்பக்கமாகக் கீழே இறங்கட்டும். முழங்கால்களை மார்பை நோக்கி மடக்குங்கள். இடது பாதத்தால் கயிற்றைக் கீழிருந்து அள்ளி, வலது உள்ளங்காலுக்கு அடியில் கொண்டுவாருங்கள். கயிறு வலது பாதத்தின் அடிவழியாக வந்து இடது பாதத்தின் மேல்பக்கத்தில் படிந்து இறங்கவேண்டும். இப்போது வலது பாதத்தால் இடது பாதத்தின் மேல் அழுத்தி மிதியுங்கள். இரண்டு பாதத்துக்கும் நடுவில் கயிறு நசுங்கும். சரியாகப் பூட்டியிருந்தால் ஒரு கையை எடுத்துவிட்டுக்கூட நிற்கலாம். அப்படியே முழங்காலை நீட்டி எழுந்து நின்று, கைகளை ஒன்றன்பின் ஒன்றாக எட்டியமட்டும் மேலே மாற்றுங்கள். பிறகு பூட்டை விட்டு முழங்காலை மடக்கி, மேலே புதிதாகப் பூட்டுங்கள். இடது கால் பழக்கம் உள்ளவர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இதில் எல்லாமே முழங்காலை எவ்வளவு உயரம் மடக்குகிறீர்கள் என்பதில் இருக்கிறது. அரைகுறையாக மடக்குபவனுக்கு ஒரு பூட்டுக்கு ஒரு சாண்தான் கிடைக்கும். ஆறு மீட்டருக்கு இருபது தடவைக்கு மேல் பூட்டவேண்டும். முழங்கால் நெஞ்சைத் தொட மடக்குபவன் ஒரு பூட்டுக்கு அரை மீட்டரைத் தாண்டுவான், பத்துப் பன்னிரண்டில் முடித்துவிடுவான். வயிற்றுத் தசை இல்லாமல் முழங்கால் அவ்வளவு மேலே வராது. அதனால் கம்பியில் தொங்கிக்கொண்டு முழங்காலைத் தூக்கும் பயிற்சியை நான் தண்டாலைவிட முக்கியமாகச் சொல்வேன்.

தொடங்கும்போது மேலே ஏற ஆசைப்படாதீர்கள். முதலில் கயிற்றைப் பிடித்து அசையாமல் தொங்குங்கள், அரை நிமிடம் வரும்வரை. அடுத்து தரையில் மல்லாந்து படுத்து, கயிற்றைப் பற்றிக் கைமாற்றிக் கைமாற்றி எழுந்து நின்று, அதேபோல் இறங்கிப் படுங்கள். மூன்றாவதாக, தரையிலிருந்து ஓரடி உயரத்திலேயே பூட்டை மட்டும் போட்டுப் போட்டு அவிழ்த்துப் பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கால் தானாகக் கயிற்றைக் கண்டுபிடிக்கும்வரை. இதற்கே இரண்டு மூன்று வாரம் ஆகும், ஆகட்டும். அதன்பிறகு மூன்று மீட்டர், நான்கு மீட்டர் என்று ஏறுங்கள். கயிறு இல்லாத நாட்களில் ஒரு துண்டைக் கம்பிமேல் போட்டு அதன் இரு முனைகளையும் பிடித்துப் புல்-அப்ஸ் எடுங்கள். கம்பியைப் பிடிக்கும் கை வேறு, துணியைப் பிடிக்கும் கை வேறு. பின்னதுதான் கயிற்றுக்கு உதவும்.

கயிறு எங்கே கிடைக்கும்? பயிற்சி மையம் வைத்திருப்பவர்களிடம் இருக்கும். ஊரிலேயே பழகுபவர்கள் உள்ளங்கை நிறைய வரும் கனமான வடத்தை வாங்கி, பச்சை மரத்தின் தடித்த கிளையில், ஏழு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் கட்டலாம். முருங்கை, வாதநாராயணன் மாதிரி முறியும் மரங்கள் கூடாது. வேம்பு, புளி நல்லது. கிளையில் கயிறு உராயும் இடத்தில் சாக்கு சுற்றுங்கள், வாரம் ஒருமுறை ஏறிப்போய்ப் பிரி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கீழே மணலைக் கொட்டிக் கொத்திவிடுங்கள். தனியாக ஒருபோதும் ஏறாதீர்கள்.

இறங்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. மேலே தொட்டுவிட்ட சந்தோஷத்தில் சர்ரென்று வழுக்கி இறங்குபவர்களின் உள்ளங்கைத் தோல் கயிற்றிலேயே தங்கிவிடும். பயிற்சியில் அப்படி உரிந்தால் பத்து நாள் கயிற்றைத் தொட முடியாது. பாதத்தைத் தளர்த்திப் பிடித்து, கைக்குக் கீழே கை வைத்து இறங்குங்கள். கெண்டைக்காலும் கணுக்காலும் உராயும், முழுக்கால் டிராக் பேண்டும் நீளமான சாக்ஸும் போட்டுக்கொள்ளுங்கள். கையில் காய்ப்பு ஏறி விளிம்பு தடித்தால் குளித்தபிறகு மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். தடித்த காய்ப்புதான் கிழிந்து வரும்.

எடை பற்றி ஒரு வார்த்தை. 78 கிலோ இருப்பவர் நான்கு கிலோ குறைத்தால் அது கயிற்றில் உடனே தெரியும். புதிய தசையைக் கட்டுவதைவிட இடுப்பில் இருப்பதைக் குறைப்பது சீக்கிரம் நடக்கும் வேலை.

தாண்டுதலும் ஓட்டமும்

நீளம் தாண்டுதலில் ஆண்களுக்கு 3.80 மீட்டருக்கு ஒரு ஸ்டார், 4.50-க்கு இரண்டு. உயரம் தாண்டுதலில் 1.20, 1.40. பள்ளியில் உயரம் தாண்டிப் பழக்கமில்லாதவர்கள் பேசாமல் நீளத்தை எடுங்கள். தொலைக்காட்சியில் பார்க்கும் முதுகுப்பக்கத் தாண்டலை டிக் ஃபாஸ்பரி 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் செய்து தங்கம் வாங்கினார். அவர் விழுந்தது மெத்தையில். மணல் குழியில் அதை முயன்று கழுத்தை முறித்துக்கொள்ளாதீர்கள். மணலென்றால் கத்திரி முறை ஒன்றுதான்.

நீளம் தாண்டுதலில் 4.50 என்பது சுமாராக ஓடக்கூடிய எந்தப் பையனுக்கும் எட்டும் தூரம். தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, ஓடிவரும் அடி கணக்கில்லாமல் கோட்டை மிதிப்பது, அல்லது கோட்டுக்கு ஓரடி முன்னாலேயே எம்பிவிடுவது. கோட்டில் உங்கள் எம்பும் காலை வைத்து, முதுகுப்பக்கமாகத் திரும்பி, முழு வேகத்தில் பதினைந்து அடி ஓடுங்கள். கூட இருப்பவர் பதினைந்தாவது அடி விழுந்த இடத்தைக் குறிக்கட்டும். பத்துத் தடவை செய்தால் ஓர் இடம் உறுதிப்படும். அதை உங்கள் பாதத்தால் அளந்து எண்ணை நினைவில் வையுங்கள். தேர்வு மைதானத்திலும் அதே பாதத்தால் அளந்து குறி வைக்கலாம். இரண்டாவது தவறு விழும்போது. அளவு எடுப்பது மணலில் கோட்டுக்கு மிக அருகில் பட்ட இடத்திலிருந்து. 4.60-ல் காலை ஊன்றிவிட்டுக் கையைப் பின்னால் ஊன்றினால் 4.10 என்றுதான் எழுதுவார்கள். விழும்போது கைகள் முன்னால் வீசி வரட்டும், முழங்காலை மடக்கி உடம்பு காலைத் தாண்டி முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ சாயட்டும்.

ஓட்டத்தில் 100 மீட்டருக்கு 15 விநாடி, 13.50, அல்லது 400 மீட்டருக்கு 80 விநாடி, 70. எல்லாரும் நூறைத் தேர்ந்தெடுக்கிறார்கள், சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால். என் கணக்கு வேறு. நூறு மீட்டரை 13.50-ல் ஓடக்கூடியவன் கொஞ்சம் பயிற்சியோடு நானூறை 65-க்குள் முடித்துவிடுவான். அப்படிப் பார்த்தால் 70 என்பது தாராளமான அளவு. 1500-க்காக மாதக்கணக்கில் ஓடிய நுரையீரலும் அங்கே கைகொடுக்கும். பிறவியிலேயே வேகமான கால் உள்ளவர்கள் நூறுக்குப் போகட்டும். மற்றவர்கள் இரண்டையும் ஓடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நானூறில் முதல் 200-ஐ 33, 34 விநாடியில் வைத்துக்கொண்டால் கடைசி நூறின் எரிச்சலைத் தாங்கலாம். அதற்கு வாரம் ஒருநாள் 200 மீட்டரை 33-ல் ஓடி, மூன்று நிமிடம் நின்று, மறுபடியும் ஓடுங்கள். நான்கு தடவை போதும்.

பெண்களுக்கு

பெண்களுக்குத் தகுதி ஓட்டம் 400 மீட்டர், இரண்டரை நிமிடம். தொடர்ந்து மெதுவாக ஓடினாலே முடிந்துவிடும். அதற்காகத் தினமும் மூன்று கிலோமீட்டர் ஓடித் தேய வேண்டியதில்லை. கயிறும் கிடையாது. மூன்று நிகழ்வுகள்: நீளம் தாண்டுதல் 3 மீட்டர், 3.75, நான்கு கிலோ குண்டு எறிதல் 4.25 மீட்டர், 5.50, அல்லது கிரிக்கெட் பந்து எறிதல் 17 மீட்டர், 24. ஓட்டம் 100 மீட்டரில் 17.50 விநாடி, 15.50, அல்லது 200 மீட்டரில் 38, 33.

இங்கே தவறவிடும் மதிப்பெண் பெரும்பாலும் எறிதலில். சின்ன வயதில் பந்து எறிந்து விளையாட விட்டிருந்தால் 24 மீட்டர் பெரிய தூரமே இல்லை. விடாததால் பலருக்குத் தோள் திறப்பதில்லை. மணிக்கட்டை மட்டும் சொடுக்கிப் பந்தை வீசுகிறார்கள். எதிர்ப்பக்கக் கால் முன்னால் வரவேண்டும், இடுப்பு திரும்பவேண்டும், முழங்கை தோளுக்குக் கீழே தொங்கக்கூடாது, பந்து ஏறக்குறைய நாற்பது டிகிரி சாய்வில் மேலே போகவேண்டும். தம்பியையோ பக்கத்து வீட்டுப் பையனையோ எதிரே நிறுத்திக் கேட்ச் பிடிக்கச் சொல்லி, தினமும் முப்பது தடவை எறிந்தால் இரண்டு மாதத்தில் மாற்றம் தெரியும். புஜபலம் உள்ளவர்கள் குண்டை எடுக்கலாம். ஆனால் குண்டைப் பந்து மாதிரி எறிந்தால் முழங்கை போய்விடும். கழுத்தில் ஒட்டிவைத்துத் தள்ளவேண்டிய பொருள் அது. ஓட்டத்தில் நூறை 15.50-க்கு ஓடுபவர் இருநூறை 33-க்குள் முடித்துவிடுவார், அதனால் இருநூறும் மோசமான தேர்வல்ல.

மாதவிலக்கு நாளில் தேர்வு விழலாம். பயிற்சிக் காலத்தில் அந்த நாட்களில் ஒன்றிரண்டு தடவையாவது ஓடித் தாண்டிப் பார்த்துவிடுங்கள், என்ன உடுத்துவது, எவ்வளவு முடியும் என்று தெரிந்துவிடும். தேதியைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

வாரம்

ஆறு நாள் போதும். திங்களும் வியாழனும் கயிறு, அதோடு கம்பியும் வயிற்றுத் தசையும். செவ்வாய் வேக ஓட்டம். புதன் தாண்டுதல். வெள்ளி நிதானமான அரை மணி ஓட்டம். சனிக்கிழமை தேர்வில் வருவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நிகழ்வுகள். ஞாயிறு படுத்துத் தூங்குங்கள். உடம்பு பலப்படுவது ஓய்வில்தான். கயிற்றை அடுத்தடுத்த நாட்களில் வைக்காதீர்கள். முழங்கை உள்பக்கத் தசைநார் வீங்கினால் அது ஆற மாதமாகும். கடைசி ஐந்து நாள் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள்.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலித்தால் சிமெண்ட் ரோட்டில் ஓடுவதை நிறுத்துங்கள். மண் தரைக்குப் போங்கள், தூரத்தைக் குறையுங்கள். ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுள்ளென்று வலித்தால் எலும்பில் கீறலாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டுக்குப் புரதப் பொடி டப்பா தேவையில்லை. காலையில் ஓடி வந்து பழைய சோறோ கேழ்வரகுக் கூழோ, கூட இரண்டு முட்டை. மாலையில் கொண்டைக்கடலையோ வேர்க்கடலையோ ஒரு கைப்பிடி. இரவில் சோறு, பருப்பு, கீரை, முடிந்தபோது மீன். இதிலேயே வேண்டியது கிடைக்கும். ஊசி, "ஸ்டாமினா மாத்திரை" என்று மைதான ஓரத்தில் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் நீர் வற்ற ஓடினால் சிறுநீரகம் கெடும். 2024-ல் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் காவலர் தேர்வின் 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் செத்துப்போனார்கள். நம் தேர்வின் தூரம் சிறியதுதான். ஆனால் மயக்கம், நெஞ்சு வலி, வியர்வை நின்று உடம்பு கொதிப்பது, இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். அடுத்த ஆண்டும் தேர்வு வரும்.

தேர்வு நாட்கள்

எழும்பூர் ராஜரத்தினம் மைதானம், கோவை பி.ஆர்.எஸ். மைதானம், வேலூர் நேதாஜி ஸ்டேடியம், அல்லது உங்கள் பகுதியின் ஆயுதப்படை மைதானம். எதுவானாலும் முந்தின நாள் வெளியிலிருந்தாவது ஒருமுறை பார்த்துவிடுங்கள். காலை ஆறு மணிக்கு வரச்சொல்வார்கள், உங்கள் பேட்ச் பத்து மணிக்கு வரும். அந்த நான்கு மணி நேரம்தான் பலரைக் கவிழ்க்கிறது. வரும் முன் இரண்டு மூன்று இட்லி, அதற்கு மேல் வேண்டாம். பையில் வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர். தலைக்கு ஒரு துண்டு. நிழல் கிடைத்தால் உட்காருங்கள். பதற்றத்தில் முன்னும் பின்னும் நடந்து காலைத் தேய்க்காதீர்கள். உங்களுக்கு முந்தைய பேட்ச் ஓடத் தொடங்கியதும் எழுந்து, பத்து நிமிடம் மெதுவாக ஓடி, இடுப்பையும் தொடையையும் சுழற்றி, இரண்டு மூன்று சிறிய வேக ஓட்டம் எடுங்கள். புது ஷூ போட்டுக்கொண்டு வராதீர்கள்.

அளவெடுக்கும்போது சந்தேகம் இருந்தால் அங்கேயே, அப்போதே, மரியாதையாக மறு அளவீடு கேளுங்கள். வீட்டுக்கு வந்து புலம்பிப் பயனில்லை. தாண்டுதலில் என்ன தூரம், ஓட்டத்தில் என்ன நேரம் என்று பதிவானதைக் கேட்டுத் தெரிந்துகொண்டபிறகே கையெழுத்துப் போடுங்கள்.

1500 மீட்டர் முடிந்து, கயிறும் தாண்டுதலும் வேறொரு நாளில் இருந்தால், அன்று மாலை கெண்டைக்காலில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் நடந்து, நேரத்தோடு தூங்குங்கள். ஸ்டார் வாங்கிய கையோடு சிலர் ஓட்டத்தையே மறந்துவிடுகிறார்கள். மருத்துவப் பரிசோதனையும் காவல் சரிபார்ப்பும் முடிந்து பணி ஆணை வருவதற்குள் மாதங்கள் ஓடும். அதற்குள் தொப்பையோடு பயிற்சிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தால் முதல் மாதம் படும் பாடு தனி. அதைப் பற்றி அடுத்த அத்தியாயத்தில்.